கட்டைக் கரும்பு

1

2020 ஆகஸ்டில் ஒரு நேர்காணல். லாக்டவுன் காலம் என்பதால் எல்லாம் வீடியோவில்தான். முண்டியம்பாக்கம் வீட்டின் நடுக்கூடத்தில், பின்னால் அரிசி மூட்டை தெரியாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்தவர் என் பயோடேட்டாவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “2016-லேர்ந்து 2020 வரைக்கும் என்ன பண்ணீங்க?”

“பிஹெச்டி சார்.”

“முடிச்சிட்டீங்களா?”

“இல்ல சார்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. எதையோ டைப் செய்யும் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த கேள்வி டேட்டாபேஸ் இண்டெக்ஸ் பற்றி. அதற்குச் சரியாகப் பதில் சொன்னேன், வேலையும் கிடைத்தது. ஆனால் அந்த நான்கு வருடத்தைப் பற்றி அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பயோடேட்டாவின் அடுத்த பதிப்பில் அதை ஒற்றை வரியாகச் சுருக்கினேன், அதற்கடுத்த பதிப்பில் எடுத்தே விட்டேன்.

போன மாதம் சித்தி மகள் போன் செய்தாள். வேதியியலில் இரண்டாம் ஆண்டு ஆராய்ச்சி மாணவி. ஒரு மருந்து கம்பெனியில் ஆறு மாதம் இருந்து வேலை பார்க்க வாய்ப்பு வந்திருக்கிறது. “கைடு டைம் வேஸ்ட்னு சொல்றாருண்ணா. சீனியருங்க போ போ, ஸ்கில் வரும்னு சொல்றாங்க. நீ அந்த மாதிரி போனல்ல, இன்னா கத்துக்கிட்ட?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஐந்து வருடத்துக்கு முன்பு அந்த நேர்காணலில் சொல்லியிருக்க வேண்டிய பதிலும் அதுதான் என்று பிறகு தோன்றியது.

2

இன்றைக்கு முண்டியம்பாக்கம் என்றால் எல்லாருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிதான். 2010-இல் அது வந்தது. அதற்கு முன்னால் எங்கள் ஊருக்கு அடையாளம் சர்க்கரை ஆலை. அரவைக் காலத்தில் காற்றிலேயே மொலாசஸ் வாசனை அடிக்கும். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் கரும்பு டிராக்டர்கள் ஊர்ந்து போகும். பின்னாலேயே ஓடி ஒரு கழியை உருவிக்கொண்டு வராத பையன் எங்கள் தெருவில் கிடையாது.

ஆராய்ச்சி என்ற சொல்லை நான் முதலில் விதை மூட்டையோடு சேர்த்துத்தான் கேட்டேன். அப்பா மல்லாட்டை போட டிஎம்வி ரகம் வாங்கி வருவார். டிஎம்வி என்றால் திண்டிவனம். அங்கிருக்கும் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்களுக்கு அந்த முன்னெழுத்து. கரும்பு கோ 86032. ‘கோ’ என்றால் கோயம்புத்தூர், 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம் இருக்கும் ஊர். ஆராய்ச்சி செய்தால் ஊர் பேரை விதைக்கு வைப்பார்கள் என்று சின்ன வயதில் நம்பிக்கொண்டிருந்தேன்.

எம்.இ. முடித்து, இரண்டு வருடம் வேலை பார்த்து, பிஹெச்டிக்குப் பதிவு செய்தபோது தலைப்பு என்னிடம் தயாராக இருந்தது. செயற்கைக்கோள் படங்களை வைத்து, எந்தக் கரும்பு எப்போது வெட்டுப் பக்குவத்துக்கு வரும் என்று கணிப்பது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 படங்கள் அப்போதுதான் இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்திருந்தன. ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு ஏக்கர் என்றால் ஏறக்குறைய 40 புள்ளிகள். அதிலும் ஓரத்தில் வரும் புள்ளிகளில் வரப்பும் பக்கத்து நிலமும் கலந்துவிடும். மழைக்காலத்தில் மேகம் மறைத்துவிடும். மீதியில் கணக்குப் போட வேண்டும்.

வெட்டும் நாள் ஏன் முக்கியம் என்பது கரும்பு போட்டவர்களுக்குத் தெரியும். முன்னால் வெட்டினால் சர்க்கரை ஏறியிருக்காது. பின்னால் வெட்டினால் கழி காய்ந்து நடுவில் சக்கை விழும், எடை குறையும். விவசாயிக்கு எடைக்குத்தான் காசு. வெட்டிய பிறகும் ஒரு நாளுக்குள் அரைத்தால் நல்லது, கிடக்கக் கிடக்க சர்க்கரை இறங்கும். ஆனால் எந்த நாளில் வெட்டுவது என்பது விவசாயி கையில் இல்லை. ஆலை கட்டிங் ஆர்டர் கொடுக்க வேண்டும். அந்த வரிசையைத்தான் என் புரோகிராம் சொல்லப் போகிறது.

இரண்டு வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மாடல் செய்தேன். அதன் பிறகு ஒரு சர்க்கரை ஆலையில் ஆறு மாதம் இருக்க அனுமதி கிடைத்தது. எங்கள் ஊர் ஆலை இல்லை, வேறு மாவட்டம். 2018 டிசம்பரில் போனேன்.

3

முதல் வாரமே ஒரு விஷயம் புரிந்தது. நான் பேசுவது அங்கே யாருக்கும் புரியவில்லை. ‘நார்மலைஸ்டு இண்டெக்ஸ்’, ‘ரேண்டம் ஃபாரஸ்ட்’ என்று பதினெட்டு ஸ்லைடு போட்டேன். கேன் ஆபீசர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “இதுல நாளைக்கு நான் யாருக்கு ஆர்டர் போடணும்னு எங்க இருக்கு?” என்றார். எங்கேயும் இல்லை. அன்று ராத்திரி பதினெட்டு ஸ்லைடையும் தூக்கிவிட்டு, விவசாயி பெயர், சர்வே எண், வாரம் என்று மூன்றே கட்டமுள்ள அட்டவணை ஒன்று செய்தேன். மறுநாள் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

என்னை ஒரு பீல்டுமேன் அண்ணனோடு அனுப்பினார்கள். அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து காலை ஆறு மணியிலிருந்து கிராமம் கிராமமாகப் போவேன். கையில் ஒரு பிரிக்ஸ் மீட்டர் வைத்திருப்பார். கழியில் துளை போட்டு இரண்டு சொட்டுச் சாறு எடுத்துக் கண்ணாடியில் விட்டு, மூடி, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால் உள்ளே நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு தெரியும். அந்தக் கோடு நிற்கும் எண்தான் பிரிக்ஸ். அடிக்கணுவில் ஒன்று, நுனிப்பக்கம் ஒன்று பார்க்க வேண்டும். அடி எப்போதும் இனிப்பாக இருக்கும். நுனி அதை எட்டிப் பிடிக்கும் அளவுக்கு நெருங்கினால் கரும்பு பழுத்துவிட்டது என்று அர்த்தம். நான் நாற்பது புள்ளிகளில் தேடிக்கொண்டிருந்ததை அவர் நாலு சொட்டில் பார்த்தார்.

ஆனால் அவரால் ஒரு நாளில் பதினைந்து, இருபது வயலுக்கு மேல் பார்க்க முடியாது. அவர் பொறுப்பில் நூற்றுக்கணக்கான வயல்கள். அங்கேதான் என் மாடலுக்கு ஒரு வேலை இருந்தது. எல்லா வயலுக்கும் விடை சொல்வதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கோ இன்று எந்த இருபதைப் பார்க்கப் போகலாம் என்று சொன்னாலே போதும். என் பிரச்சினையின் அளவு அன்றைக்குப் பாதியாகக் குறைந்தது. பயனோ கூடியது. இதை எனக்கு எந்தக் கருத்தரங்கிலும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு செக்‌ஷனில் என் பட்டியலை வைத்து ஆர்டர் போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. எனக்கு வானத்தில் மிதப்பது போல் இருந்தது.

4

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு காலை, பீல்டுமேன் அண்ணன் வழக்கமாகப் போகும் பாதையை விட்டு வேறு பக்கம் வண்டியைத் திருப்பினார். எங்கே என்று கேட்டேன். “வா, சொல்றேன்” என்றார்.

ஒன்றரை ஏக்கர் வயல். வெட்டு நடந்துகொண்டிருந்தது. வெட்டாட்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முணுமுணுத்தபடி வெட்டினார்கள். கரும்பு காய்ந்திருந்தது. ஒரு கழியை உடைத்தால் நடுவில் வெள்ளையாகப் பஞ்சு போலச் சக்கை. வரப்பில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். என் அப்பா வயது இருக்கும்.

“இன்னா தம்பி, நீதான் கம்ப்யூட்டர் தம்பியா? என் கரும்புக்கு இன்னும் நாள் இருக்குதுன்னு உன் கம்ப்யூட்டர் சொல்லிச்சாமே?”

நடந்தது இதுதான். அவருக்கு இரண்டு வயல்கள். ஒன்று புது நடவு. இன்னொன்று கட்டைக் கரும்பு, அதாவது போன முறை வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து வளர்ந்தது. கட்டைக் கரும்பு நடவுக் கரும்பை விடச் சீக்கிரம் பழுக்கும். ஆலையின் பதிவேட்டில் இரண்டும் தனித்தனி வரிகளாகத்தான் இருந்தன. நான் அந்த அட்டவணையை என் அட்டவணையோடு இணைக்கும்போது வயல் எண்ணை வைத்து இணைக்காமல் விவசாயி எண்ணை வைத்து இணைத்திருந்தேன். இரண்டு வயலுக்கும் நடவுக் கரும்பின் தேதியே ஏறிவிட்டது. அதனால் கட்டை வயல் பட்டியலின் அடிக்குப் போய், ஐந்து வாரம் தள்ளி ஆர்டர் வந்திருக்கிறது. ஒரு வரி கோட். இன்றைக்கு என் டீமில் ஒரு பிரெஷர் அந்தத் தப்பைச் செய்தால் ரிவ்யூவில் இரண்டு நிமிடத்தில் பிடித்துவிடுவேன்.

ஏக்கருக்கு நாலு டன் போச்சு என்று அவர் கணக்குச் சொன்னார். அந்தப் பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை, 10 சதவீத சர்க்கரைக் கட்டுமானத்துக்கு, குவிண்டாலுக்கு 275 ரூபாய். கட்டுமானம் 9.5-க்குக் கீழே இருக்கும் ஆலைகளில் 261 ரூபாய் 25 காசு. ஒன்றரை ஏக்கருக்கு ஆறு டன் என்று வைத்தால் 15,675 ரூபாய். காய்ந்த கரும்பு என்று வெட்டாட்கள் கூலியும் கூட்டிக் கேட்டிருந்தார்கள். அது தனி.

நான் பேச ஆரம்பித்தேன். டேட்டா இப்படி இருந்தது, பதிவேட்டில் அப்படி இருந்தது என்று. பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பீல்டுமேன் அண்ணன் என் தோளில் கை வைத்து, “அதெல்லாம் அப்புறம் சொல்லலாம். தப்பு யாருதுன்னு மொதல்ல சொல்லு” என்றார்.

“தப்பு என்னுதுதாங்க ஐயா. ஆலைதும் இல்ல, அண்ணனதும் இல்ல.”

பெரியவர் மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. “இன்னும் யாருக்குல்லாம் இந்த மாதிரி ஆயிருக்கு, அதப் போய்ப் பாரு” என்றார். 

அன்று மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு வயல் உள்ளவர்கள் இன்னும் பதினோரு பேர். அதில் ஏழு பேருடைய கட்டை வயல்கள் வெட்டாமல் நின்றன. கேன் ஆபீசருக்கு ஒரே ஒரு பக்கம் எழுதினேன், தமிழில். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இன்னும் யாருக்கு நடக்கலாம், இப்போது என்ன செய்ய வேண்டும் என்று நாலு பத்தி. அவர் இரண்டு முறை படித்தார். ஏழு பேருக்கும் மறுநாள் ஆர்டர் போனது. அந்தப் பெரியவருக்குப் போன பணம் போனதுதான். ஆலை கொடுக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. கொடுத்திருக்கலாம் என்று இன்றும் தோன்றும். அந்த வயதில் அது தோன்றவில்லை, அல்லது தோன்றியும் துணியவில்லை.

5

மே கடைசியில் பல்கலைக்கழகம் திரும்பினேன். நடந்ததை ஒரு அத்தியாயமாக எழுதினேன். பதிவேடு எப்படி உருவாகிறது, யார் எழுதுகிறார்கள், அதில் தவறு எங்கே நுழைகிறது, அந்தத் தவறுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று இருபத்திரண்டு பக்கம். கைடு புரட்டிப் பார்த்துவிட்டு, “இது டேட்டா கிளீனிங். ஒரு வரி போதும்” என்றார். அவர் கொடுமைக்காரர் இல்லை. அந்தத் துறையில் ஆய்வேடு எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்பட்டதைத்தான் எனக்குச் சொன்னார். இருபத்திரண்டு பக்கமும் ‘பதிவேட்டு முரண்கள் நீக்கப்பட்டன’ என்ற ஒரு வரியாக மாறியது.

அப்போது நடைமுறையில் இருந்த 2016 யுஜிசி விதிப்படி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு ஆய்விதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்க உரைகளும் வேண்டும். உரைகள் முடிந்திருந்தன. கட்டுரை இரண்டு முறை திரும்பி வந்தது. ஒரே ஆலை, ஒரே பருவம், தரவு போதாது என்றார்கள். அது நியாயமான காரணம்தான். இன்னொரு பருவம் போகலாம் என்று நினைத்தபோது உதவித்தொகை முடியும் தறுவாயில் இருந்தது. பிறகு 2020 மார்ச் வந்தது. ஹாஸ்டலைக் காலி செய்யச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம் அப்பாவிடம் சொன்னேன். மோட்டார் கொட்டகைப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

“அப்ப பேருக்கு முன்னால டாக்டர்னு போட முடியாதா?”

“முடியாதுப்பா.”

கொஞ்ச நேரம் தண்ணி பாய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அந்தக் கண்ணுல வச்சிப் பாக்கற மிசினு, அதத் திருப்பிக் குடுத்துட்டியா?” என்று கேட்டார்.

அது நான் சொந்தக் காசில் வாங்கிய பிரிக்ஸ் மீட்டர். எடுத்துவந்து கொடுத்தேன்.

6

சித்தி மகளுக்குப் பதில் சொல்வதற்காகக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக் கேள்வி மட்டும் இல்லை. 2002-இல் பிரிட்டனில் சர் கேரத் ராபர்ட்ஸ் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். முனைவர் பட்டம் முடித்து வருபவர்களுக்குத் துறை அறிவு இருக்கிறது, அதற்கு வெளியே வேலை செய்யத் தேவையான பயிற்சி போதவில்லை என்பது அதில் ஒரு பகுதி. ஆண்டுக்குக் குறைந்தது 2 வாரம் அதற்கென்றே பயிற்சி வேண்டும் என்றார். அரசும் பணம் ஒதுக்கியது. 2010-இல் வைட்டே என்ற அமைப்பு, ஆராய்ச்சியாளருக்கு வேண்டிய திறன்கள், குணங்கள் என்று 63 அம்சங்களைப் பட்டியல் போட்டது. அறுபத்து மூன்று! எங்கள் பக்கம் இந்த எண்ணைச் சொன்னால் சிவன் கோயில் பிராகாரம்தான் ஞாபகம் வரும்.

டென்மார்க்கில் 1970-களிலிருந்தே வேறு ஒரு வழி இருக்கிறது. மாணவர் ஒரு கம்பெனியின் ஊழியராகவே இருந்து, பல்கலைக்கழகத்தில் பதிவு செய்து பட்டம் வாங்கலாம். இந்தியாவிலும் பிரதமர் பெயரில் ஒரு முனைவர் ஆய்வு உதவித்தொகை உண்டு. பாதிப் பணம் அரசு, மீதிப் பாதி ஒரு கம்பெனி. 2022-இல் வந்த யுஜிசியின் புது விதிகளில் கட்டாயக் கட்டுரை நிபந்தனை போய்விட்டது. கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி வேண்டும் என்பது சேர்ந்திருக்கிறது. நான் இரண்டு வருடம் தள்ளிப் பிறந்திருக்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது.

இவையெல்லாம் நல்லவை. ஆனால் ‘திறன்’ என்பதை ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துப்போகும் பொருள் மாதிரிப் பேசும்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. தார்ன்டைக், உட்வொர்த் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1901-லேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வேலையில் பழகியது இன்னொரு வேலைக்கு அவ்வளவு எளிதாகக் கைமாறுவதில்லை. இரண்டு வேலைகளுக்கும் பொதுவான கூறுகள் எந்த அளவுக்கு இருக்கின்றனவோ அந்த அளவுக்குத்தான் பலன் இருக்கும் என்பது அவர்கள் முடிவு. நாங்கள் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்தபோது ‘சாஃப்ட் ஸ்கில்ஸ்’ என்று இரண்டு நாள் பட்டறை நடந்தது. பந்தை ஒருவர் மேல் ஒருவர் எறிந்து பெயர் சொல்லும் விளையாட்டு, மதியம் பிரிஞ்சி, மாலையில் சான்றிதழ். அந்தப் பந்துக்கும் என் வேலைக்கும் பொதுவான கூறு ஒன்றும் இல்லை.

கரும்புக்கும் என் இன்றைய வேலைக்கும் இருக்கிறது. போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் வெளியிட்ட ஒரு மாற்றத்தால் சில வாடிக்கையாளர்களுக்கு இரண்டு முறை பணம் பிடித்துவிட்டது. காரணம் கிட்டத்தட்ட அதே தப்பு, இணைக்கக் கூடாத எண்ணை வைத்து இணைத்தது. இந்த முறை எழுதியது ஜூனியர் பையன், சரிபார்த்து அனுமதித்தது நான். கூட்டத்தில் அவன் முகம் வெளுத்துப் போய், டேட்டா அப்படி இருந்தது, ஸ்பெக் இப்படி இருந்தது என்று பேச ஆரம்பித்தான். “அதெல்லாம் அப்புறம் பாக்கலாம்டா. ரிவ்யூ பண்ணவன் நான், தப்பு என்னுது. இன்னும் யாருக்கெல்லாம் ஆயிருக்குன்னு மொதல்ல பாப்போம்” என்றேன். பிறகு ஒரு பக்கம் எழுதினேன். என்ன, ஏன், இன்னும் யாருக்கு, இனி என்ன. மேனேஜர் இதை எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். பழைய வேலையில் என்று சொல்லி முடித்துக்கொண்டேன். அந்தப் பழைய வேலை என் பயோடேட்டாவில் இல்லை.

7

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் செய்தேன்.

போ என்றேன். ஆனால் சும்மா பார்வையாளராக உட்கார வைத்தால் போகாதே. நீ செய்து தருவதற்காக அங்கே யாராவது ஒருவர் காத்திருக்க வேண்டும். அப்படி ஒரு வேலையைக் கேட்டு வாங்கு. தினமும் என்ன செய்தாய் என்பதை எண்களாக மட்டும் இல்லாமல் வாக்கியங்களாக எழுது, ஆறு மாதம் கழித்து உனக்கே புரிய வேண்டும். கிளம்பும்போது உன் வேலையை இன்னொருவரிடம் எழுதிக் கொடுத்து, நீ இல்லாமல் அவர் அதை ஒரு வாரம் ஓட்டுகிறாரா என்று பார்த்துவிட்டு வா. அந்தக் கடைசி ஒன்றை நான் செய்யவில்லை. அடுத்த பருவத்தில் என் பட்டியலை அங்கே யாரும் ஓட்டவில்லை.

“இதெல்லாம் சரிண்ணா. ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டியே? நீ அங்க போனதாலதான் முடிக்காம போச்சா?”

யாரும் என்னிடம் நேராகக் கேட்காத கேள்வி. கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. அந்த ஆறு மாதம் ஆய்வகத்தில் இருந்திருந்தால் வேறு ஒரு பொதுத்தரவை வைத்து ஒரு கட்டுரை போட்டிருப்பேன். அநேகமாக முடித்திருப்பேன். அதில் பெரியவர் இல்லை, கட்டை வயல் இல்லை. ஆனால் பட்டம் இருந்திருக்கும். இரண்டில் எது நல்லது என்று எனக்கு வசதியான பதிலை அவளிடம் சொல்லக் கூடாது.

“பாதிக் காரணம் அதுதான்” என்றேன். “நீ கிளம்பறதுக்கு முன்னாடியே கைடுகிட்ட உக்காந்து பேசு. அந்த ஆறு மாசம் ஆய்வேட்டுல எந்த அத்தியாயமா வரும்னு எழுதி வாங்கிக்க. நான் வந்த பெறவு பேசிக்கலாம்னு போனேன். அதுதான் என் தப்பு.”

அவள் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அப்பா இப்போது முக்கால் ஏக்கர்தான் கரும்பு போடுகிறார். தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அதிகாலையில் எழுந்து வெளியே வந்தால் திண்ணையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். மிசினை எடுத்துக்கொண்டு வரச் சொல்லி அப்பாவைக் கூப்பிட வந்திருக்கிறார்கள். அவர் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் கூடவே போனேன். அடிக்கணுவில் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“நுனியில நீ பாரு. எனக்கு இப்ப கோடு செரியா தெரியறதில்ல.”

பார்த்தேன். அடியை இன்னும் எட்டவில்லை. பத்து நாள் போகட்டும் என்று அவர்களிடம் சொன்னேன்.